படிக்கட்டு ஐக்கியம்

மண்டலத் தலைவருக்குப் படிக்கட்டில் நின்று பழக்கமில்லை. எல்லா வினைக்கும் அதுதான் காரணம்.

வேறு எந்தச் சபைக்குப் போனாலும் அவருக்குக் கார்க் கதவைத் திறக்க ஒருவர், அங்கியைச் சுமக்க ஒருவர், காலியாகக் கிடக்கும் வழியில்கூட "வழி விடுங்க, வழி விடுங்க" என்று கத்த ஒருவர் இருப்பார்கள். சின்னச் சபையைப் பார்வையிட வந்த அன்று ஆராதனை முடிந்ததும் அங்கியைக் கழற்றிய கையோடு வாசலுக்கு வந்தார். வந்தவர் அங்கேயே நின்றார். அவருக்கு முன்னால் சபை முழுவதும் படிக்கட்டில் வரிசையாக நின்றுகொண்டிருந்தது. யாரும் நகரவில்லை. நகர வேண்டும் என்ற கவலையும் யாருக்கும் இருந்ததாகத் தெரியவில்லை.

சின்னச் சபை கூடுவது சைக்கிள் கடைக்கு மேலே ஒரு மாடி அறையில். ஏறவும் இறங்கவும் ஒரே படிக்கட்டு. அகலம் ஒரு ஆள். அந்த ஆளும் கொஞ்சம் ஒல்லியாக இருந்தால் நல்லது. ஆராதனை முடிந்ததும் அதில் முதலில் இறங்குகிறவர் டிக்கெட் அக்கா. பஸ் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் கூண்டுக்குள் உட்கார்ந்து உட்கார்ந்து முட்டி இரண்டும் போய்விட்டன. குரல் மட்டும் போகவில்லை. ஒருமுறை, பாவம் மெதுவாக வரட்டும் என்று எல்லாரும் அவரைக் கடைசியில் விட்டுவிட்டு இறங்கிப் போய்விட்டார்கள். அக்கா தெருவுக்கு வந்து பார்த்தால் ஒரு ஈ காக்கா இல்லை. அடுத்த ஞாயிறு ஆமென் சொல்வதற்குள் வாசலில் போய் நின்றுகொண்டார். "இனிமே நான்தான் முதல்ல. அவசரக்காரங்க என் முதுகு மேல ஏறிப் போங்க" என்றார். அன்றிலிருந்து அதுதான் சட்டம்.

ஒரு படிக்கு வலது கால், பிறகு இடது கால், பிறகு ஒரு மூச்சு. அந்த மூச்சை வீணாக்குவானேன் என்று அக்கா திரும்பிப் பின்னால் இருப்பவரை ஒரு கேள்வி கேட்பார். மருமகள் திரும்பி வந்தாளா, பல் வலி எப்படி இருக்கிறது, மாமனாருக்குக் கண் ஆபரேஷன் ஆயிற்றா. பதில் வந்து சேரும்வரை அடுத்த படி கிடையாது. பதில் அரைகுறையாக வந்தால் அதே படியில் இன்னொரு கேள்வி. அக்கா இறங்குவது பிரசங்கத்தைவிட நீளம் என்பார் டிரைவர். பிரசங்கத்தைவிட உபயோகம் என்பார் டெய்லர். டிரைவரின் கல்யாணப் பேன்ட்டை டெய்லர் கணுக்காலுக்கு மேலே நிற்கும்படி தைத்துக் கொடுத்ததிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. ஆனால் வாரம் தவறாமல் படிக்கட்டில் முன்னும் பின்னுமாக மாட்டிக்கொள்வார்கள். ஒருவர் மூச்சு ஒருவர் பிடரியில் படும்.

போதகர் எப்போதும் வரிசையின் கடைசி. விளக்கை அணைத்து, ஜன்னலைச் சாத்திவிட்டு வருவதால் மேல் படியில் நிற்பார். கீழே என்ன பேசுகிறார்கள் என்று அவருக்குக் கேட்காது. கடிகாரத்தைப் பார்ப்பார், காலை மாற்றி மாற்றி ஊன்றுவார், சாவிக்கொத்தைக் குலுக்குவார். இன்னொரு படிக்கட்டு கிடைக்கவேண்டும், இல்லாவிட்டால் இதாவது சீக்கிரம் காலியாக வேண்டும் என்று அவர் ஜெபித்ததுகூட உண்டு.

அன்று அவருக்குப் பக்கத்தில் மண்டலத் தலைவர் நின்று பெருமூச்சு விட்டார். கீழேயிருந்து குரல் வந்தது.

"மேல யாரு புஸ்ஸுன்னு மூச்சு விடுறது?"

"மண்டலத் தலைவர், அக்கா!"

"அவருக்கு மூச்சிரைப்பா? உடம்பைக் குறைக்கச் சொல்லு!"

மறுநாளே போதகருக்கு அழைப்பு வந்துவிட்டது.

"பாஸ்டர், உங்க சபைல சபை வாழ்வே இல்ல" என்றார் மண்டலத் தலைவர். அவருடைய அறையில் நாற்காலி ஒன்றுதான். அதில் அவர் இருந்தார். "நான் பார்த்தது வெறும் நெரிசல். ஐக்கியம்னா என்னன்னு தெரியணும்னா பெரிய சபையைப் போய்ப் பாருங்க. அங்க ஐக்கியத்துக்குன்னே ஒரு இயக்குநர், ஒரு மாடி, தனி ஏசி. போய்க் கத்துக்கிட்டு வந்து செஞ்சு காட்டுங்க. முடியலேன்னா உங்க சபையை அவங்களோட இணைச்சிடலாம்."

"இணைச்சா எங்க ஜனங்க…"

"ஜனங்க கூட்டத்தோட கூட்டமா இருந்துக்குவாங்க. உங்களையும் தெருவுல விட்டுட மாட்டேன். அங்க வாகன நிறுத்தத்துக்கு ஒரு துணைப் போதகர் தேவைப்படுது."

போதகர் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார். வீட்டுக்கு வந்து சொன்னபோது அவர் மனைவி சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். கேட்டுவிட்டு நூலைப் பல்லால் கடித்தாள்.

"நம்ம பையனும் இதைத்தானே சொன்னான். நாலு பேரை வச்சுக்கிட்டு என்னத்துக்குப்பா ஒரு சபைன்னு. அவனை மட்டும் வீட்டுப் படி ஏறாதேன்னு விரட்டுனீங்க. இவருக்கு மட்டும் கையைக் கட்டிக்கிட்டு நின்னுட்டு வந்தீங்களா?"

"அது வேற, இது வேற."

"அவனுக்கு ஒரு போன் போடுங்க. மாசக்கணக்காச்சு."

"போடுறேன், போடுறேன்" என்று சொல்லிக்கொண்டே அவர் செருப்பை மாட்டினார். எங்கே போகிறோம் என்று தெரியாமலேயே தெருமுனைவரை போய்விட்டுத் திரும்பினார். அவரால் உட்காரவும் முடியவில்லை.

பெரிய சபையின் வாசலில் இரண்டு பக்கமும் வரவேற்பாளர்கள் நின்றார்கள். போதகர் முதலில் நின்ற பெண்ணிடம், "நான் சின்னச் சபை போதகர், ஐக்கிய இயக்குநரைப் பார்க்கணும்" என்றார்.

"உங்களைப் பார்த்ததுல எங்களுக்கு ரொம்ப சந்தோஷம்" என்று அவள் மேல்வரிசைப் பற்கள் தெரியச் சிரித்தாள்.

அடுத்தவரிடமும் அதையே சொன்னார். அவருக்கும் ரொம்ப சந்தோஷம், அதே பற்கள். இப்படி ஒவ்வொருவராகச் சந்தோஷப்படுத்திக்கொண்டே வந்ததில், வரிசை முடிவதற்குள் போதகருக்கே தான் யார் என்பதில் லேசாகச் சந்தேகம் வந்துவிட்டது. கடைசியில் நின்ற வாலிபன் அவருடைய முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்து, மணிக்கட்டில் ஒரு சிவப்புப் பட்டையை மாட்டினான்.

"இது எதுக்குத் தம்பி?"

"பச்சைன்னா சந்தோஷமா இருக்கீங்க, யாரும் கை குலுக்கலாம். மஞ்சள்னா ஜெபம் வேணும். சிவப்புன்னா துக்கம். பயிற்சி இல்லாதவங்க பக்கத்துல வரக்கூடாது."

"எனக்குத் துக்கம் ஒண்ணும் இல்லப்பா. காலைல சாப்பிடல, அவ்வளவுதான்."

"முதல்ல எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க" என்றான் வாலிபன், பயிற்சியில் கற்ற அன்போடு.

எதிரே வந்தவர்கள் சிவப்பைப் பார்த்ததும் ஒதுங்கி வழிவிட்டார்கள். அவரை ஆறுதல் அறை என்ற ஒன்றுக்குள் தள்ளிக்கொண்டு போனார்கள். மெத்தென்ற நாற்காலிகள், ஆளுக்கொரு கைக்குட்டைப் பெட்டி, சுவரில் பெரிய கடிகாரம். இரண்டு அம்மாக்கள் வந்து அவருடைய கைகளில் ஆளுக்கொன்றைப் பிடித்துக்கொண்டார்கள்.

"எங்களுக்குத் தெரியும்" என்றார் ஒருவர்.

"என்னம்மா தெரியும்?"

"அதை நாங்க கேக்கக் கூடாது. கேட்டா அது உங்க சொந்த விஷயமாயிடும்."

சொல்லிவிட்டு இருவரும் அழத் தொடங்கினார்கள். நன்றாகவே அழுதார்கள், குறை சொல்ல முடியாது. மூத்தவர் ஒரு கண்ணால் அழுது, இன்னொரு கண்ணால் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார். முள் உரிய இடத்துக்கு வந்ததும் இருவரும் ஒன்றாக நிறுத்தி முகத்தைத் துடைத்தார்கள். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதகர் ஒருவேளை தன் மகனைப் பற்றிச் சொல்லியிருப்பார். நாக்கு நுனிவரைக்கும் வந்தது. யாரும் கேட்கவில்லை.

"இப்ப லேசா இருக்கா?"

"இருக்கு. நீங்க எப்படிம்மா இருக்கீங்க?" என்றார் போதகர், மரியாதைக்கு.

இளையவர் வாயைத் திறந்தார். பிறகு மூத்தவரைப் பார்த்தார். "அது நம்ம பயிற்சில இல்லையேக்கா" என்றார்.

ஒருவழியாக ஐக்கிய இயக்குநரே வந்து அவரை மீட்டார். முன்பு ஒரு பெரிய ஹோட்டலில் வரவேற்புப் பகுதியைப் பார்த்துக்கொண்டவர். எங்கே நின்றாலும் பின்னால் லிஃப்ட் இருப்பதுபோல ஒரு கையை நீட்டியே நிற்பார்.

"மன்னிக்கணும் பாஸ்டர். உங்க முகம் அப்படி. வாங்க, எல்லாத்தையும் காட்டுறேன். முன்னெல்லாம் இங்க ஆராதனை முடிஞ்சா ஜனங்க அங்கங்க நின்னு பேசிக்கிட்டிருப்பாங்க. யார் யாருகிட்ட என்ன பேசுறாங்கன்னே எங்களுக்குத் தெரியாது. ஒரே ஒழுங்கீனம். அப்புறம்தான் இந்தத் துறையைத் தொடங்கினோம். இப்ப யாரும் தானா பேசுறதில்ல."

"அப்ப எப்படிப் பேசுவாங்க?"

"வட்டத்துல."

அது ஒரு மைதானம் போன்ற கூடம். வட்டம் வட்டமாக நாற்காலிகள். ஒவ்வொரு வட்டத்துக்கும் ஒரு வழிநடத்துநர், அவர் கையில் ஒரு மணி. போதகரையும் ஒரு வட்டத்தில் உட்கார வைத்தார்கள். "இந்த வாரம் உங்க மனசு என்ன கலர்ல இருந்துச்சு?" என்பது கேள்வி. ஒருவர் நீலம் என்றார். மணி அடித்தது. ஒரு பெண் வெளிர் பச்சை என்றார். மணி. அடுத்து மெலிந்த ஒரு மனிதர், சட்டைப் பையில் டெஸ்டர் செருகியிருந்தார். எலக்ட்ரீஷியனாக இருக்க வேண்டும். அவர் கையைப் பிசைந்தார்.

"கலர் எல்லாம் தெரியலைங்க. எங்க அம்மாவுக்கு என்னை…"

மணி அடித்தது.

"அருமையான பகிர்வு!" என்றார் வழிநடத்துநர். எல்லாரும் கை தட்டினார்கள். எலக்ட்ரீஷியனும் தனக்குத்தானே கை தட்டிக்கொண்டார்.

"அவரு முடிக்கல" என்றார் போதகர்.

"அடுத்த வாரம் தொடரலாம்."

"அடுத்த வாரமும் இதே வட்டமா?"

"அதெப்படி? வட்டத்தை வாராவாரம் கலைச்சிடுவோம். இல்லேன்னா ஒருத்தருக்கொருத்தர் பழகிடுவாங்க."

போதகர் எழுந்தார். அம்மாவுக்கு என்னை என்ன? பிடிக்கவில்லையா? பார்க்க வேண்டுமா? அந்த மனிதரைப் பிடித்துக் கேட்டுவிட வேண்டும் என்று எட்டி நடந்தார். அதற்குள் கடைசிப் பாட்டு முடிந்து, கூடத்தின் எல்லாப் பக்கமும் கதவுகள் ஒரே சமயத்தில் திறந்துகொண்டன. ஜனங்கள் தண்ணீர் வடிவதுபோல வடிந்தார்கள். போதகர் ஒரு கதவுக்கு ஓடினால் எலக்ட்ரீஷியனின் முதுகு அடுத்த கதவில் தெரிந்தது. அந்தக் கதவுக்கு ஓடினால் வாகன நிறுத்தத்தில் தெரிந்தது. பிறகு எங்கும் தெரியவில்லை. காலியான கூடத்தின் நடுவே இயக்குநர் பெருமையோடு நின்றார்.

"பார்த்தீங்களா? பாட்டோட எதிரொலி அடங்குறதுக்குள்ள மண்டபம் சுத்தம். ஒருத்தர் தோள் ஒருத்தர் மேல படாது. உங்க சபை காலியாக எவ்வளவு நேரம் ஆகும்?"

போதகருக்கு மானம் போயிற்று. மறைத்துப் பயனில்லை என்று சைக்கிள் கடை, படிக்கட்டு, டிக்கெட் அக்கா, முட்டி, மூச்சு, கேள்வி எல்லாவற்றையும் தலை குனிந்தபடி ஒப்பித்தார். இயக்குநரின் நீட்டிய கை மெல்ல மடங்கியது.

"யாராலயும் அவங்களை முந்த முடியாதா?"

"முடியாது."

"நழுவிப் போகவும் முடியாதா?"

"எங்க நழுவுறது? ஒரு பக்கம் சுவர், ஒரு பக்கம் கம்பி."

"பாஸ்டர்!" என்று இயக்குநர் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "இது ஒரு மாடல்!"

அடுத்த ஞாயிறே இயக்குநர் கேமராவும் அளக்கும் டேப்புமாக இரண்டு ஆட்களோடு சின்னச் சபைக்கு வந்து சேர்ந்தார். படியின் உயரம், அகலம், கம்பியின் வழுவழுப்பு, அக்கா திரும்பும் கோணம் எல்லாவற்றையும் அளந்தார்கள். "யாரு இவங்க, ஆபரேஷன் பண்றவங்களா?" என்று அக்கா கேட்டார். போதகர் டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொடுத்தார். தன் சபை பிழைத்துவிடும் என்ற நம்பிக்கை முதல்முறையாகத் துளிர்த்திருந்தது. அதை வாய் திறந்து கெடுப்பானேன் என்று இருந்துவிட்டார்.

பெரிய சபையில் மேடைக்குப் பக்கத்தில் ஒரு படிக்கட்டு எழும்பியது. தேக்கு மரம், ஒரு ஆள் அகலம். ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கினால், ஏறிய இடத்துக்குப் பக்கத்திலேயே வந்து நிற்கலாம். வேறு எங்கும் போகாது. "படிக்கட்டு ஐக்கியம்" என்று பித்தளைப் பலகை. இறங்குவதற்கு ஒரு இளம்பெண்ணை மெதுவாக நடக்கப் பழக்கி, முட்டியில் துணி சுற்றி முன்னால் விட்டார்கள். அவள் ஒரு படியில் நின்று திரும்பி, "உங்க மனசு எந்தப் படில இருக்கு?" என்று கேட்டாள். பின்னால் நின்றவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "நீங்க மெதுவா வாங்க சிஸ்டர்" என்று சொல்லிக் கைப்பிடியைத் தாண்டிக் குதித்துப் போய்விட்டார். அவரைப் பார்த்து மற்றவர்களும் குதித்தார்கள். ஒருவருக்குக் கணுக்கால் பிசகியது. ஐக்கியத் துறை அவசரமாகக் கூடி ஆராய்ந்து, அசல் முட்டி தேவை என்று முடிவு செய்தது.

மண்டலத் தலைவர் போதகரைத் தொலைபேசியில் பிடித்தார்.

"அந்தம்மாவை அவங்களுக்குக் கொடுங்க. கொடுத்தா உங்க சபையை மாதிரிச் சபைன்னு அறிவிச்சிடுறேன். யாரும் கை வைக்க முடியாது."

"ஐயா, அவங்க எங்க சபையோட ஆள்."

"கொடுக்கலேன்னா இணைப்பு. இணைச்சாலும் அந்தம்மா அங்கதான் போவாங்க. யோசிச்சுப் பாருங்க பாஸ்டர், எப்படிப் பார்த்தாலும் முட்டி அங்கதான்."

போதகர் பஸ் நிலையத்துக்குப் போனார். டிக்கெட் கூண்டின் முன்னால் வரிசையில் நின்றார். முறை வந்ததும் கம்பிக்குள் குனிந்து, விஷயத்தைப் பாதி விழுங்கிப் பாதி சொன்னார். அக்கா கேட்டுக்கொண்டே ஒரு டிக்கெட்டைக் கிழித்துவிட்டு, யாருக்கென்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார்.

"என் முட்டியைப் பத்தி ஊரெல்லாம் சொல்றதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், பாஸ்டர்."

"தப்புதான், அக்கா."

"சபையை மூடிட்டா நான் எங்க ஏறி எங்க இறங்குறது? போறேன். டெய்லரோட மருமக நாளைக்கு வர்றாளாம், யாராவது மறக்காம விசாரிங்க." பிறகு குரலை உயர்த்தினார். "அடுத்த ஆள் வாங்க!"

அந்த ஞாயிறு சின்னச் சபையில் ஆராதனை முடிந்தது. வழக்கம்போல எல்லாரும் எழுந்து வாசலில் நின்றார்கள், யாருக்காகவோ. பிறகு யாரும் இல்லை என்று ஞாபகம் வந்து மளமளவென்று இறங்கினார்கள். "நல்லதாப் போச்சு, சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம்" என்று டெய்லர் சொன்னார். சொல்லிவிட்டுத் தெருவில் அப்படியே நின்றார். டிரைவர் அவரைப் பார்த்து வாயைத் திறந்தார். மருமகளைப் பற்றிக் கேட்கத்தான் நினைத்திருப்பார். அக்கா கேட்டு டெய்லர் பதில் சொல்லும்போது பின்னால் நின்று காதில் வாங்கித்தான் அவருக்குப் பழக்கம், நேராகக் கேட்டதில்லை. வாயை மூடிக்கொண்டு போய்விட்டார். போதகர் விளக்கை அணைத்து வருவதற்குள் தெரு காலி. வெறும் படிக்கட்டை அவர் மேலிருந்து பார்த்தார். எத்தனையோ நாள் ஜெபித்துக் கேட்டது இதைத்தான்.  கதவைப் பூட்டினோமா என்றுகூடப் பார்க்காமல் இறங்கி ஓடி, பெரிய சபைக்குப் போகும் பஸ்ஸைப் பிடித்தார்.

அவர் உள்ளே நுழையும்போது அக்கா தேக்குப் படிக்கட்டின் உச்சியில் நின்றார். சேலையில் ஒரு மைக் குத்தியிருந்தது. பின்னால் வரிசை படிக்கட்டை நிரப்பி, மேடையைச் சுற்றி, கூடத்தின் கடைசிவரை போயிற்று. ஒவ்வொரு படிக்கும் ஒரு மணி என்று ஏற்பாடு. மணி அடித்தால் அடுத்த படி. அக்கா வலது காலை வைத்தார், இடது காலை வைத்தார், மூச்சு வாங்கினார், திரும்பினார். பின்னால் நின்றவருடைய சட்டைப் பையில் டெஸ்டர் இருந்தது.

"என்னப்பா, முகம் ஏன் இப்படிக் கிடக்கு?"

"எங்க அம்மாவுக்கு என்னை…"

மணி அடித்தது. அக்கா நகரவில்லை.

"உன்னை?"

"அடையாளம் தெரியலைங்க. கரன்ட் வேலைக்கு யாரோ வந்திருக்காங்கன்னு நினைச்சிட்டாங்க. தினமும் வாசல்லயே நிக்க வச்சு, எந்த ஸ்விட்சு வேலை செய்யலன்னு காட்டுறாங்க. எல்லாம் நல்லாத்தான் வேலை செய்யுது. நானும் தினமும் ஒரு ஸ்விட்சைக் கழட்டி மறுபடியும் மாட்டிட்டு வரேன்." அவர் நிறுத்தினார். "போறப்ப, உங்க அம்மா உங்களைத் தேடுவாங்க, சீக்கிரம் வீட்டுக்குப் போங்கன்னு சொல்றாங்க."

மைக்கில் எல்லாருக்கும் கேட்டது.  தூணில் சாய்ந்து நின்ற போதகருக்குக் கண்ணீர் வந்துவிட்டது. இந்த முறை கடிகாரம் பார்க்கவில்லை.

மணி மறுபடி அடித்தது. இயக்குநர் படிக்கட்டின் அடியில் வந்து நின்று கையை நீட்டினார்.

"அக்கா, அடுத்த படி."

"முட்டி வலிக்குதுய்யா. இறங்க முடியல" என்றார் அக்கா. பிறகு எலக்ட்ரீஷியனிடம், "யாருன்னே தெரியாத ஆளைக்கூட சீக்கிரம் வீட்டுக்கு அனுப்புறாங்களே, நல்ல அம்மாடா. என்ன ஆகாரம் எடுத்துக்கிறாங்க? தூங்குறாங்களா?" என்று தொடங்கினார்.

முந்தவும் முடியாது, நழுவவும் முடியாது. கணுக்கால் பிசகியபிறகு கைப்பிடியைத் தலை உயரத்துக்குக் கட்டிவிட்டிருந்தார்கள். படியில் மாட்டியவர்களுக்கு வேறு வேலை இல்லாததால் ஒருவரையொருவர் பார்க்கத் தொடங்கினார்கள். "எங்க அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது" என்றார் எலக்ட்ரீஷியனுக்குப் பின்னால் நின்றவர். அவருக்குப் பின்னால் நின்ற பெண் தன் பெயரைச் சொன்னாள். பேச்சு படிப்படியாகப் பின்னால் போய், மேடையைச் சுற்றி, கூடத்துக்குள் இறங்கிவிட்டது. பச்சைப் பட்டைக்காரர்கள் சிவப்புப் பட்டைக்காரர்களைத் தொட்டுப் பேசினார்கள். ஆறுதல் அறையிலிருந்து வேடிக்கை பார்க்க வந்த அந்த இளைய அம்மாவிடம் யாரோ, "நீங்க எப்படி இருக்கீங்க?" என்று கேட்டுவிட, அவர் உட்கார்ந்து நிஜமாகவே அழ ஆரம்பித்தார், எப்படி நிறுத்துவதென்று அவருக்குத் தெரியவில்லை. அடுத்த ஆராதனைக்கு வந்த கூட்டம் வெளியே முட்டியது. வாகன நிறுத்தம் தெருவரைக்கும் அடைத்துக்கொண்டது.

இயக்குநர் மேடையில் ஏறி ஒலிபெருக்கியைப் பிடித்தார். "அன்பானவங்களே, தயவுசெய்து பேசாதீங்க! இது ஐக்கிய நேரம்! உங்க துக்கத்தை உரிய அறைக்குக் கொண்டுபோங்க! இப்படி எல்லா இடத்துலயும் கொட்டினா யாரு சுத்தம் பண்றது? ஒருத்தரை ஒருத்தர் தெரிஞ்சுக்கிட்டா அப்புறம் ஐக்கியத் துறை எதுக்கு இருக்கு?"

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. ஆனால் அந்தச் சத்தத்தில் யாருக்கும் காதில் விழவில்லை.

மறுநாள் மண்டலத் தலைவர் போதகரைக் கூப்பிட்டு, இந்த முறை நின்றுகொண்டே பேசினார்.

"இணைப்பு வேண்டாம்னு பெரிய சபையே கெஞ்சுது. இணைச்சா அந்தம்மாவும் வந்துடுவாங்களாம். நீங்க தனியாவே இருங்க, பாஸ்டர். அந்தம்மாவைப் பத்திரமா மாடிலயே வச்சுக்குங்க. வெளிய விடாதீங்க."

தேக்குப் படிக்கட்டையும் பெரிய சபை வீணாக்கவில்லை. இடித்து அகலப்படுத்தி நகரும் படிக்கட்டாக மாற்றிவிட்டார்கள். ஏறி நின்றால் போதும், அதுவே இறக்கிவிட்டுவிடும். யாரும் யாருக்காகவும் நிற்க வேண்டியதில்லை. பெயர் மட்டும் படிக்கட்டு ஐக்கியம்தான். பித்தளைப் பலகை செய்தாகிவிட்டது.

அடுத்த ஞாயிறு சின்னச் சபையில் அக்கா முதலில் வாசலுக்குப் போனார். அவருக்குப் பின்னால் டெய்லர், டிரைவர், அப்புறம் மற்றவர்கள், அப்புறம் புதிதாக வந்திருந்த எலக்ட்ரீஷியன், மேல் படியில் போதகர். மருமகள் வந்துவிட்டாள் என்று டெய்லர் பதில் சொன்னார். டிரைவர், "நல்லது" என்றார், சுவரைப் பார்த்தபடி. பேன்ட் விஷயம் தீர இன்னும் பல ஞாயிறுகள் ஆகும்.

போதகர் திருந்திவிட்டார் என்று சொல்ல ஆசைதான். ஆனால் அவர் அப்போதும் காலை மாற்றி ஊன்றி, சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டுதான் நின்றார். பசி வேறு.

"மேல யாரு சாவியைக் குலுக்குறது?"

"பாஸ்டர், அக்கா!"

 பிறகு ஒரு கேள்வி படி படியாக, வாய் மாறி வாய் மாறி மேலே ஏறிவந்தது. கடைசியில் எலக்ட்ரீஷியன் திரும்பி அவரிடம் சொன்னார்: "நீங்க எப்படி இருக்கீங்கன்னு அக்கா கேக்குறாங்க."

"நல்லா இருக்கேன்னு சொல்லுங்க."

அது கீழே இறங்கிப் போயிற்று. பதில் ஏறிவந்தது.

"பொய்யாம். இறங்க மாட்டேங்கிறாங்க."

சபை முழுவதும் திரும்பிப் பார்த்தது. போதகர் சாவியைப் பைக்குள் போட்டார், எடுத்தார், மறுபடி போட்டார்.

"என் பையனை வீட்டுப் படி ஏறாதேன்னு விரட்டிட்டேன்" என்றார். "அவன்கிட்ட பேசி மாசக்கணக்காச்சு. எனக்கு பயமா இருக்கு."

யாரும் கை தட்டவில்லை. அந்த வார்த்தைகள் ஒவ்வொரு படியாகக் கீழே போயின. அக்காவரைக்கும் போக, அதைவிட வேகமாகப் பதில் ஏறிவந்தது.

"இப்பவே போன் போடணுமாம்" என்றார் எலக்ட்ரீஷியன். "பேசி முடிக்கிறவரைக்கும் யாரும் வீட்டுக்குப் போக முடியாதுன்னு சொல்றாங்க."

முன்னால் அக்கா, பின்னால் பூட்டிய கதவு. போதகருக்குப் போக்கிடம் இல்லை. போனை எடுத்து, மகனின் பெயரைத் தொட்டுக் காதில் வைத்தார். மறுமுனையில் மணி அடிக்கத் தொடங்கியது. படிக்கட்டில் ஒருவரும் அசையவில்லை.